தேசிக்காய் வைத்துவிட்டுப் போன கள்ளன்

யோகேஸ்வரன்: அப்ப... கள்ளன் காரைக் களவெடுத்துக்கொண்டு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறான்?

இரத்தினசிங்கம்: ஓம்.

யோகேஸ்வரன்: இதே கராஜுக்குள்ளை.

இரத்தினசிங்கம்: ஓம் மச்சான்.

யோகேஸ்வரன்: கழுவித் துடைச்சு?

இரத்தினசிங்கம்: பெற்றோலும் அடிச்சு.

யோகேஸ்வரன்: பெற்றோலுமோ! பிறகு நாலு சில்லடியிலையும் புதுசா நாலு தேசிக்காயும் வைச்சுப்போட்டுப் போயிருக்கிறான்?

இரத்தினசிங்கம்: அதுதானடா எனக்கு விளங்கேல்லை!

யோகேஸ்வரன்: ரத்தினம்... காலமையே ஊத்தத் தொடங்கீட்டியோ?

இரத்தினசிங்கம்: பகிடியை விடு. போன வெள்ளி நான் வைச்ச தேசிக்காய் இதுக்கிடையிலை வாடிச் சுருங்கியிருக்க வேணும். இப்ப தடவிப் பாத்தால் இறுக்கமா, புதுசா இருக்குது. இது முதல் தரமில்லை. ஒவ்வொரு கிழமையும் இப்பிடித்தான்.

யோகேஸ்வரன்: நீ எஞ்சினியர். கொழும்பிலை சாத்திரக்காரனைக் கண்டால் மற்றப் பக்கம் போறனீ. நீ தேசிக்காய் வைக்கிறதுதான் எனக்கு விளங்கேல்லை.

இரத்தினசிங்கம்: சொன்னனான்தானே... கோண்டாவில் சாத்திரியார் சொல்லி அனுப்பினவர். எனக்கு அட்டமத்துச் சனியாம். வாகன கண்டமாம். பங்குனி வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதாம், வெள்ளிக்கு வெள்ளி சில்லடியிலை தேசிக்காய் வைக்க வேணுமாம்.

யோகேஸ்வரன்: அதுக்காக ஏழு வருசம் பிள்ளை மாதிரிப் பாத்த காரை மூடிவைச்சுப்போட்டு, வென்ட்வேர்த்வில்லிலை ரெயின் ஏறுறாய். இதைப்போலை ஒரு ஃபால்கன்...

இரத்தினசிங்கம்: முந்நூறுதான் செய்தவங்கள். எழுபத்தொண்டிலை. அதோடை நிப்பாட்டிப்போட்டாங்கள். அதிலையும் இது என்ரை கையாலை காபுரேற்றர் மாத்தி, சைலன்சர் மாத்தி, எஞ்சினை முழுசாக் கழட்டிப் பூட்டி...

யோகேஸ்வரன்: தெரியும், தெரியும். உந்தத் தேவாரத்தை ஏழு வருசமாக் கேக்கிறன்.

இரத்தினசிங்கம்: இனிக் கேக்கமாட்டாய். இண்டைக்கு விக்கிறன்.

யோகேஸ்வரன்: என்னது?

இரத்தினசிங்கம்: பிளாக்டவுனிலையிருந்து ஒருத்தன் வாறான். இப்ப வந்திடுவான். என்ரை காரை ஆரோ ஓடுறான், ஆரெண்டு தெரியேல்லை, ஏனெண்டும் தெரியேல்லை... எனக்கு விசர் பிடிக்குது. போகட்டும்.

யோகேஸ்வரன்: பொறு, பொறு. அவன் வாறதுக்கிடையிலை கள்ளனைப் பிடிச்சால் விக்கமாட்டாய்தானே?

இரத்தினசிங்கம்: ...பிடி பாப்பம்.

யோகேஸ்வரன்: அப்படியாயின், விசாரணை ஆரம்பமாகின்றது. கனம் கோட்டார் அவர்களே! கள்ளன் ஒரு தமிழன் என்பது ஐயந்திரிபற நிரூபணமாகின்றது. வெள்ளைக்காரன் தேசிக்காயைக் கண்டால் மீனிலை பிழிவானே தவிர, சில்லடியிலை வைக்கமாட்டான்.

இரத்தினசிங்கம்: அது சரிதான்...

யோகேஸ்வரன்: சிட்னியிலை இருக்கிற எங்கடை ஆக்களை இரண்டு வானுக்குள்ளை ஏத்திப்போடலாம். அதிலை இந்தக் காரை ஓடக்கூடியவன் ஆர்? அரியரத்தினம் அண்ணை?

இரத்தினசிங்கம்: அவர் சைக்கிளிலையே விழுறவர்.

யோகேஸ்வரன்: தேவராஜா?

இரத்தினசிங்கம்: அவன் இந்தக் கதவுக்குள்ளாலை உள்ளை போனால், கதவைக் கழட்டித்தான் வெளியிலை எடுக்க வேணும்.

யோகேஸ்வரன்: அப்ப மிச்சம்... நான்?

இரத்தினசிங்கம்: அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டனான்.

யோகேஸ்வரன்: அட பாவி! சாட்சி எண்டு வந்தவனை எதிரியாக்கிப்போட்டியே!

சிவனேஸ்வரி: ஆர் எதிரி? இந்தாங்கோ தேத்தண்ணி. யோகேஸ் அண்ணை, உங்களுக்குச் சீனி இல்லாதது. இஞ்சருங்கோ, உங்கடையைப் பெஞ்சிலை வைக்கிறன்... ஐயோ, பாத்து! தட்டி ஊத்திப்போட்டியள்.

இரத்தினசிங்கம்: கராஜுக்குள்ளை இருட்டு.

சிவனேஸ்வரி: கதவு திறந்துதானே கிடக்கு? வெயில் உள்ளை அடிக்குது.

யோகேஸ்வரன்: தங்கச்சி, உங்கடை மனுசன் காரை விக்கப் போறாராம்.

சிவனேஸ்வரி: ...எந்தக் காரை?

யோகேஸ்வரன்: வேறை எத்தினை கார் வைச்சிருக்கிறியள்?

சிவனேஸ்வரி: என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! ஏன் விக்க வேணும்?

இரத்தினசிங்கம்: கள்ளன் வாறான்.

சிவனேஸ்வரி: கள்ளன் வந்தால் கதவுக்குப் பூட்டுப் போடுங்கோவன். காரையே விக்கிறதோ?

யோகேஸ்வரன்: ரத்தினம்... இஞ்சை பார். இது தேசிக்காயில்லை. லெமன். மஞ்சள் நிறத்திலை, விளக்குப்போலை கிடக்கு. நீ வைச்சது பச்சையெல்லோ?

இரத்தினசிங்கம்: நான் வைச்சது... கடையிலை வாங்கினது.

யோகேஸ்வரன்: நிறம் மாறினதைக் கவனிக்கேல்லையோ?

இரத்தினசிங்கம்: சொல்லுறன்தானே, இருட்டு எண்டு.

யோகேஸ்வரன்: தங்கச்சி, லெமன் மரம் ஆரின்ரை வளவிலை நிக்குது?

சிவனேஸ்வரி: இந்த ஊரிலை எல்லார் வளவிலையுந்தான் நிக்குது. அண்ணை, தேத்தண்ணி ஆறுது.

யோகேஸ்வரன்: ஆறட்டும். கதவைத் திற மச்சான், ஏறி இருந்து பாக்கிறன். ...ஆ! முழங்கால்! சீற்றை முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறான். கள்ளன் கட்டையன்.

சிவனேஸ்வரி: கட்டையெண்டு என்னத்தைக் கண்டனீங்கள்? சிலபேர் கிட்ட இருந்துதான் ஓடுவினம்.

யோகேஸ்வரன்: ஓ... உங்களுக்கு என்னெண்டு தெரியும்?

சிவனேஸ்வரி: ...ரிவியிலை பாத்தனான்.

யோகேஸ்வரன்: இதென்ன, சீற்றடியிலை... கொண்டை ஊ...

இரத்தினசிங்கம்: என்ன எடுத்தனீ?

யோகேஸ்வரன்: ...ஒண்டுமில்லை. ஆணி.

இரத்தினசிங்கம்: காட்டு.

யோகேஸ்வரன்: இந்தா. உன்ரை மூஞ்சைக்கு முன்னாலை பிடிக்கிறன். பார்.

இரத்தினசிங்கம்: ...ஓம். ஆணிதான்.

யோகேஸ்வரன்: ஆணிதானோ?

இரத்தினசிங்கம்: ஆணியை ஆணியெண்டு சொல்லாமல்?

யோகேஸ்வரன்: ...சரி. இப்ப எனக்கும் ஒண்டும் விளங்கேல்லை. தங்கச்சி, இந்த ஆணியை நீங்களே வைச்சிருங்கோ. நான் கேற்றடியிலை நிண்டு பிளாக்டவுன்காரனோடை கதை குடுக்கிறன். நீங்கள் இரண்டு பேரும்... என்னவோ செய்யுங்கோ.

இரத்தினசிங்கம்: யோகேஸ் போட்டானோ?

சிவனேஸ்வரி: உங்களுக்கு முன்னாலைதானே போறார்? இஞ்சருங்கோ... வாறவனைத் திருப்பி அனுப்புவம். விக்க வேண்டாம்.

இரத்தினசிங்கம்: கள்ளனைப் பிடிக்கேல்லையே.

சிவனேஸ்வரி: பிடிச்சால் ஏசமாட்டியளே?

இரத்தினசிங்கம்: ஆரை?

சிவனேஸ்வரி: ...என்னை.

இரத்தினசிங்கம்: நீரோ? உமக்கு ஓடத் தெரியாதே!

சிவனேஸ்வரி: மார்கழியிலை லைசென்ஸ் எடுத்தனான். நார்த்மீட்டிலை ஒரு மனுசி பழக்குறவ.

இரத்தினசிங்கம்: இந்தக் காரிலையோ!

சிவனேஸ்வரி: பழகினது அவவின்ரை சின்னக் காரிலை. பிறகுதான் இதிலை... பாருங்கோ, கண்டம் உங்களுக்கு எண்டுதானே சாத்திரியார் சொன்னவர். எனக்கு எண்டு சொல்லேல்லையே? ஓடாமல் விட்டால் எஞ்சின் இறுகிப்போம் எண்டு நீங்கள்தான் ஓயாமல் புலம்புறனீங்கள். பங்குனியிலை நீங்கள் வந்து ஏறி இருக்கேக்கை ஸ்டார்ட் வராட்டி உடைஞ்சுபோவியள். அதுதான்... நீங்கள் ரெயினுக்குப் போக, நான் எடுக்கிறது.

இரத்தினசிங்கம்: அப்ப தேசிக்காய்?

சிவனேஸ்வரி: எடுக்கேக்கை நசிஞ்சுபோம். சனியாருக்குக் குறை வைக்கலாமோ? கடையிலை பச்சை கிடைக்கேல்லை, பின்வளவிலை லெமன் பிடுங்கி வைச்சனான். நிறத்தைக் கண்டு பிடிச்சுப்போடுவியள் எண்டு நெஞ்சு அடிச்சுக்கொண்டு நிண்டனான். நீங்கள் ஒண்டுமே கேக்கேல்லை.

இரத்தினசிங்கம்: எவ்வளவு தூரம் போனனீர்?

சிவனேஸ்வரி: முதல் பரமட்டா வரைக்கும்.

இரத்தினசிங்கம்: பிறகு?

சிவனேஸ்வரி: ...லாப்ஸ்டன் ஏத்தம்.

இரத்தினசிங்கம்: மலைக்கோ! அதிலை மூண்டாம் கியருக்கு இறக்க வேணுமே, நீர் என்னெண்டு...

சிவனேஸ்வரி: இறக்கத் தேவையில்லை. நாலிலையே ஏறுது.

இரத்தினசிங்கம்: நாலிலையோ?

சிவனேஸ்வரி: நீங்கள் செய்த எஞ்சினெல்லோ. கொஞ்சமும் இழுக்கேல்லை. ஏத்தம் முடியுற இடத்திலை சத்தம் ஒருக்கா மாறும், பாருங்கோ... எனக்கு அதைக் கேக்கத்தான் திரும்பத் திரும்பப் போகச் சொல்லுது.

இரத்தினசிங்கம்: ...அது மாறுற இடத்தை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

சிவனேஸ்வரி: கோவமோ?

இரத்தினசிங்கம்: இல்லை.

சிவனேஸ்வரி: அப்ப விக்காதேங்கோ. பங்குனியோடை சனி மாறுது. அதுவரைக்கும் நான் ஓடி வைக்கிறன். பிறகு திறப்பை உங்கடை கையிலை தந்துபோட்டு, பக்கத்துச் சீற்றிலை பேசாமல் இருப்பன். சத்தியம்.

இரத்தினசிங்கம்: பங்குனி வந்தாலும் எனக்குத் திறப்பு வேண்டாம், சிவனேஸ்.

சிவனேஸ்வரி: என்ன கதை இது? பங்குனி வரைக்குந்தானே ஓடக்கூடாதெண்டு சாத்திரியார் சொன்னவர்?

இரத்தினசிங்கம்: சாத்திரியார் ஒரு சொல்லும் சொல்லி அனுப்பேல்லை. ஓடக்கூடாதெண்டு சொன்னது கண் டொக்டர்... கேற்றடியிலை சத்தம் கேக்குது, அவன் வந்திட்டான் போலை. போய்ச் சொல்லும்... கார் விக்கிறதுக்கில்லை, ஓடுறதுக்கு வீட்டிலை ஆள் இருக்கு எண்டு.