ரவுண்டானாவின் வைக்கோல் நாய்

லின்ட்மோ நகராட்சியிலிருந்து ஓய்வு பெறும் சாலை வடிவமைப்பாளர் சிக்னே ஹால்க்விஸ்ட் அவர்களுக்குச் சாலைப் பிரிவு ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல்

வளைவுகளை வகுத்த வல்லவரே! வேகத்துக்கு வேலியிட்ட வித்தகரே! புகழ்ந்தால் முகம் சுளிக்கும் பெருமாட்டியே!

மூன்றாவது அடைமொழிக்கு மட்டும் உங்கள் ஆட்சேபம் இராது என்பதை அறிவோம். காபியும் கேக்கும் வரும்வரை தயவுசெய்து எழுந்து போய்விடாதீர்கள்.

வண்டிகள் நேருக்கு நேர் முட்டிக்கொண்ட சந்திப்பில் ரவுண்டானா அமைத்தீர்கள்; மரங்கள் நின்ற ஓரங்களில் கம்பித் தடுப்பு இழுத்தீர்கள்; பள்ளி வாசலில் சாலையையே குறுக்கி, பறந்த வண்டிகளைத் தவழ வைத்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஊரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள். விபத்தென்றால் நாங்கள், "யார் மேல தப்பு?" என்போம். நீங்களோ, "மனுஷன்னா கண்ணசருவான், தடுமாறுவான். அதுக்கு உயிரைப் பறிக்கிற மாதிரி ரோடு போட்டது யாரு? நாமதானே?" என்று எங்கள் வாயை அடைப்பீர்கள்.

ஆயினும் ஊர் உங்களை அறிந்தது நாய் விவகாரத்தால்தான். ரவுண்டானா கட்டினால் நடுவே யாராவது ஒரு நாய்ச் சிலையைக் கொண்டுவந்து வைப்பது நம் ஸ்வீடன்காரர்களின் குறும்பு. வடக்கு ரவுண்டானாவில் வைத்தவர் உங்கள் அண்ணன், கொத்தனார் தூரே. தங்கைக்குப் பெருமையாக இருக்கட்டுமென்று கோடை முழுதும் பாடுபட்டுக் கான்கிரீட்டில் வார்த்திருந்தார். மறுநாளே கிரேன் வைத்துத் தூக்கினீர்கள்.

"பனியில வழி தெரியாம நேரா வர்றவன் இதுல மோதினா செத்துருவாண்ணா. வைக்கோல்ல செஞ்சு குடு, வெச்சுக்கறேன்."

"வைக்கோலா? அதை மாட்டுக்குப் போடு!" என்றார் அவர். அதோடு பேச்சு நின்றது.

நீங்களே வைக்கோலில் ஒன்றைக் கட்டி வைத்தீர்கள். அது நாய் என்று சொன்னால்தான் தெரிந்தது. அண்ணன் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைப்பு வரவில்லை. பண்டிகை நாளிலும் அலுவலகம் வந்து வேலை பார்த்தீர்கள். எங்களுக்கு வருத்தமாக இருந்தது.

பிறகொரு குளிர்காலக் காலையில், மருத்துவமனைப் பணி முடித்துத் திரும்பிய தூரேயின் மகள் லோவிசா, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்தாள். வண்டி ரவுண்டானாமேல் ஏறி, நாயைத் துளைத்துக்கொண்டு மறுபக்கப் பனியில் போய் நின்றது. தலையெல்லாம் வைக்கோலோடு தானே கதவைத் திறந்து இறங்கியவள், முதலில் உங்களுக்குத்தான் போன் செய்தாள்.

"அத்தை, உங்க நாயைக் கொன்னுட்டேன்."

உங்களோடு நாங்களும் ஓடினோம். தூரே எங்களுக்கு முன்பே வந்திருந்தார். தன் சிலை நின்ற இடத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "வைக்கோல் எங்க வாங்கினே?" என்றார்.

அம்மையே! நீங்கள் காத்தவர்களில் எங்களுக்குப் பெயர் தெரிந்தவள் லோவிசா ஒருத்திதான். மற்றவர்கள் தாங்கள் பிழைத்ததே தெரியாமல், ஒவ்வொரு ரவுண்டானாவிலும் உங்களைத் திட்டியபடியே வீடு போய்ச் சேருகிறார்கள். அவர்கள் நெடுங்காலம் திட்டட்டும். நீங்கள் நலமோடு இருந்து நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருங்கள்!

இங்ஙனம்,
உங்களிடம் திட்டு வாங்கிய,
சாலைப் பிரிவு ஊழியர்கள்,
லின்ட்மோ நகராட்சி