இசக்கிமுத்து கட்டிய கயிறு

மதியம் பன்னிரண்டு மணி. தீபாவளிக்கு மறுநாள். அருள்புரத்து ரோட்டில் ஈ காக்கை கிடையாது... பனியன் கம்பெனிகள் பூட்டு, சனமெல்லாம் ஊருக்குப் பஸ் ஏறியாச்சு. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? கிட்டே வந்து உட்காருங்கள். நம்ம சண்முகப்பிரியாவின் சித்தப்பா இசக்கிமுத்துவுக்கு நடந்தது இது.

கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். பத்துக் குடித்தனம் இருக்கும் லைன் வீட்டில் அன்றைக்கு அவர் குடும்பம் மட்டும்தான்.

"ஏங்கண்ணு, தீவாளி நோம்பிக்கு ஊருக்குப் போவலியா?" என்று கேட்டாள் வீட்டுக்கார வேலாத்தாள்.

"வீடுன்னு ஒண்ணு நின்னாத்தான போறதுக்கு" என்றார் இவர்.

போன மார்கழியில் ஊரை அடித்துப்போன வெள்ளத்தில் இரண்டு பிள்ளைகளையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்... ஒரு கையை விட்டுவிட்டார். நாலு வயது முகிலன் போய்விட்டான். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் பழைய ஆளாக இல்லை. மனைவி சித்ராதேவி நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒன்பது வயது ஜோதிகா சோற்றைத் தொடுவதில்லை, வாயைத் திறந்து பேசுவதும் இல்லை. இவரோ, மகள் தண்ணீர்க் குடத்துப் பக்கம் போனாலே பெல்ட்டை உருவி வெளுத்துவிடுவார். அடித்துவிட்டு அழுவார். பாவி மனுஷன், அத்தனை பயம்.

தூங்கும்போது அவள் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிக்கொள்வார். கம்பெனியில் கழித்துப்போட்ட பனியன் துணியில் கிழித்த கயிறு. அது இழுத்தால் நீளும், கையைச் சுண்டி எழுப்பாது. பன்னிரண்டு வருஷம் அந்தத் துணியை வெட்டியவருக்கு இது தெரியாதா? தெரியும். தோன்றவில்லை.

அன்றைக்குக் கண்ணசந்துவிட்டார்... சளக்.

விழித்தால் பக்கத்தில் பிள்ளை இல்லை. வீடு முழுக்க ஆற்றுச் சேற்று நாற்றம். கயிறு நூலாக மெலிந்து நீண்டு, வாசலைத் தாண்டி, முற்றத்துத் தரைத்தொட்டிக்குள் இறங்கியிருந்தது.

ஓடினார். தொட்டி மூடி திறந்து கிடந்தது. நிறைந்த தண்ணீருக்கு மேலே ஜோதிகாவின் முகம் மட்டும். எட்டி மணிக்கட்டைப் பிடித்தார். அப்போதுதான் பார்த்தார்... அவள் பாதத்தைப் பற்றியபடி ஒரு சின்னக் கை. அதில், குலசாமி கோயிலில் முகிலனுக்கு அவர் போட்டுவிட்ட அதே செம்புக் காப்பு.

"விடுலே! இவளயாவது விட்டுட்டுப் போலே!"

பக்கத்தில் கிடந்த கம்பியை எடுத்துத் தண்ணீருக்குள் இடித்தார். ஒன்று. இரண்டு. மடக்கென்று எலும்பு முறிகிற சத்தம். விரல் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதாக ஓங்கி இறக்கினார். தண்ணீர் சிவந்தது, கை பிரிந்து அடிக்குப் போனது.

பிள்ளை சட்டென்று கனத்தாள். தன் தோள் மூட்டு நழுவ, கத்திக்கொண்டே இழுத்து வெளியே போட்டார். ஜோதிகா தண்ணீரைக் கக்கினாள். மூச்சு வந்தது. இசக்கிமுத்து அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

அவள் கை அவரைத் தள்ளியது. பத்து மாதத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் பேசினாள்.

"தம்பிய எதுக்குப்பா அடிச்ச... முங்குன என்னைய அவந்தானப்பா மேல தூக்கிப் பிடிச்சிருந்தான்."