பூய்லிங்குக்குக் கஷாயம்

கஷாயம் ஆறினால் கசப்பு கூடிவிடும், டாக்டர். அதனால்தான் குடுவையும் கையுமாக நிற்கிறேன். உட்காரச் சொல்லாதீர்கள், இருப்புக் கொள்ளவில்லை.

இவ்வளவு நாள் ஏன் காட்டவில்லை என்று கேட்டீர்கள். சீனாவில், ஃபோஷான் நகரில் எனக்கு மூலிகைக் கஷாயக் கடை. கல்லாவில் என் மனைவி பூய்லிங். வாய் ஓயாது. "குடிச்சா நோய் போகும். போகலேன்னா கடைக்காரர் போவாரு" என்று என்னை வைத்தே வியாபாரம் செய்வாள். கூட்டம் வந்ததே அந்த வாய்க்காகத்தான்.

ஒருநாள் அதே வாய் சொன்னது: "புதுவருசம் முடிஞ்சதும் மக்காவ் தீவுல இருக்குற தங்கச்சிகிட்ட போறேன். திரும்ப மாட்டேன். ஒங்க கூட இருந்தா மூச்சு முட்டுது."

அப்போதே அவளுக்கு மூக்கடைப்பும் இருந்தது. சளியில் ரத்தம், கழுத்தில் புளியங்கொட்டை அளவு கட்டி. ஆஸ்பத்திரியில், எங்கள் பக்கத்து வழக்கப்படி, அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம்தான் சொன்னார்கள். மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பக்கம் புற்றுநோய். தூரத்து உறுப்பு எதற்கும் பரவவில்லை. உடனே கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

வெளியே வந்தேன்.

"என்னவாம்?"

"வெறும் உடம்புச் சூடு. கருவாட்டக் கொற. தெனம் நான் காய்ச்சுற கஷாயத்தக் குடி, ஒருநாளும் விடக்கூடாது."

"ஒங்க கஷாயத்துக்கு எரும கூட மூஞ்சத் திருப்பிக்கும்" என்றாள். ஆனாலும் குடித்தாள். மக்காவ் தீவில் யார் காய்ச்சித் தருவார்கள்? பயணம் நின்றுபோனது.

நோயாளியிடம் மறைப்பது எங்கள் ஊரில் பாவமில்லை, டாக்டர். எல்லா வீட்டிலும் செய்வதுதான். மறைத்துக்கொண்டே வைத்தியமும் பார்ப்பார்கள். நான் அதை மட்டும் விட்டுவிட்டேன். குணமானால் போய்விடுவாள் அல்லவா?

பிறகு முதுகுவலி வந்தது. மூட்டை தூக்கியதால் என்றேன், நம்பினாள். அவள் தங்கை வந்து வம்படியாக இங்கே இழுத்து வந்திருக்காவிட்டால் இப்போதும் வீட்டில்தான் இருப்பாள். முதுகெலும்பிலும் ஈரலிலும் பரவிவிட்டது என்கிறீர்கள். எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

குரல்தான் போய்விட்டது. கடையின் அமைதி எனக்கே தாங்கவில்லை. நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு காற்றாய்ப் பேசினாள்: "இப்படிப் பாத்துக்குறீங்களே... ஒங்களயா விட்டுப் போறேன்னேன்? பாவி நான்."

குடுவை ஆறுகிறது, வழி விடுங்கள். உள்ளே போய் அவளிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள். தாங்கமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவளை நான் ஒருநாளும் அழவிட்டதில்லை.