ஐசேயாவின் இடம்

முட்டை எனக்குப் பிடிக்காது. வாசனை மூக்கில் ஏறினாலே குமட்டும். ஆனாலும் பத்துப் பன்னிரண்டு வருடமாகக் காலையில் எழுந்ததும் ஒரு டஜன் அவித்த முட்டையை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியிருக்கிறேன். எங்கள் வேலைக்கு உடம்பு முந்நூறு பவுண்டுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் எதிரே வருகிறவன் நம்மைத் துடைப்பம் மாதிரி தூக்கி ஓரமாகச் சாத்திவிட்டுப் போய்விடுவான். பிடிக்காத காரியத்தை முகம் சுளிக்காமல் செய்து பழகியவன் நான், மேடம். இதை முதலில் தெரிந்துகொண்டீர்கள் என்றால் மற்றது புரியும்.

லீக் உங்களை விசாரிக்க அனுப்பியிருக்கிறது, நீங்களோ வாழ்க்கையில் ஒரு அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை என்கிறீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பந்தை எறிகிறவன் ஒருவன். அவன் எறிவதற்குள் வரிசையின் விளிம்பிலிருந்து ஓடிவந்து அவனைக் கவிழ்க்கப் பார்க்கிறவன் பாய்பவன். அந்தப் பாய்பவனை வழியிலேயே நிறுத்துகிறவன் மறிப்பவன். நான் மறிப்பவன். என் சிநேகிதன் ஐசேயா பெட்டிகிரூ பாய்பவன். இரண்டு பேரும் டொலீடோ ஹாமர்ஸ்காரர்கள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில்தான் ஒரே பக்கம். மற்ற நாளெல்லாம் பயிற்சியில் அவன் எனக்கு எதிரே நிற்பான்.

ஒன்பது வருடம் அப்படி எதிரும் புதிருமாக நின்றோம். முதல் வருடம் அவன் என் கண்ணில் விரலை விட்டு ஆட்டினான். நான் இடுப்பை மடக்குவதற்குள் என்னைத் தாண்டிப் போயிருப்பான். தினமும் நான் புல்லில் மல்லாந்து கிடப்பேன், அவன் குனிந்து கையை நீட்டி, "எந்திரிடா லைல், மேகத்தை அப்புறம் எண்ணலாம்" என்பான். நெப்ராஸ்காவில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்த எனக்கு மிசிசிப்பிக்காரனான அவன் அப்படித்தான் நண்பனானான். ஒரே காரில் மைதானத்துக்குப் போவோம். அவனுக்கும் மனைவி ரெனேவுக்கும் இரண்டு பெண்கள், என்னை மாமா என்றுதான் கூப்பிடும்.

அவன் வேகம் குறைந்தது முதலில் என் உள்ளங்கைக்குத்தான் தெரிந்தது. முன்பெல்லாம் அவன் தோள் என் கையில் படும், அடுத்த நொடி இருக்காது. இரண்டு வருடமாக அந்தத் தோள் என் கையிலேயே தங்க ஆரம்பித்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. பயிற்சியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன், அவன் தாண்டிப் போவது போல நடித்தேன். அவனுக்கும் தெரியும். பழைய ஆட்டக்காரர்கள் நடுவே இது சகஜம்.

ஞாயிற்றுக்கிழமை எதிரணிக்காரன் விட்டுக்கொடுப்பானா? போன வருடம் முழுக்க ஐசேயா கவிழ்த்தவர்களை ஒரு கை விரலிலேயே எண்ணிவிடலாம். ஊர் சும்மா இருக்குமா? வேன் ஓட்டுகிறவன், பல் டாக்டர், பெஞ்சைத் தேய்க்கிற கல்லூரிப் பையன் எல்லோரும் ரேடியோவுக்குப் போன் போட்டுப் பேசினார்கள். "பெட்டிகிரூவா? அவன் பாயறதுக்குள்ள எறியுறவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடுவான்யா" என்றான் ஒருவன். நடத்துகிறவன் சிரித்தான். காரில் என் பக்கத்தில் ஐசேயாவும் சிரித்தான். நான் ரேடியோவை அணைத்தேன். எட்டு வருடம் அவன் பெயர் போட்ட சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு திரிந்த ஜனங்கள் இவர்கள்.

அவர்களைவிட எங்கள் நிர்வாகி கெஸ்லர் மோசம். குளிர்காலத்தில் எங்களை அறையில் உட்கார வைத்துச் சொன்னான்: "ஐசேயா நம்ம வீட்டுப் பிள்ளைப்பா. அதுல எந்த மாத்தமும் இல்ல. ஆனா பாருங்க, விளிம்புல நமக்கு ஒரு தேவை இருக்கு. எதிரணியில எறியுறவன் நின்னு நிதானமா பேப்பர் படிச்சுட்டு எறியுறான்." என் அப்பா கிழட்டு மாட்டை லாரியில் ஏற்றும்போது அதை வீட்டுப் பிள்ளை என்று ஒருநாளும் சொன்னதில்லை. கெஸ்லர் பேசிக்கொண்டே புகையிலைச் சாற்றைச் சோடா பாட்டிலுக்குள் துப்பினான். அந்தப் பழுப்புத் தண்ணீர் பாதி பாட்டிலுக்கு நின்றது. அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஐசேயாவுக்கு வேண்டியதெல்லாம் இன்னும் ஒரு வருடம். அதை நான் கேட்காமலே சொன்னான். "ஒரே ஒரு வருஷம்டா லைல். சின்னவ இப்பத்தான் ஆட்டம்னா என்னன்னு புரிஞ்சு பாக்குறா. நான் ஓடுறத அவ ஒரு தடவையாவது ஒழுங்கா பாக்கணும்." இதைச் சொல்லும்போது அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வசந்தத்தில் கெஸ்லர் தன் தேவையை நிரப்பிக்கொண்டான். ஜார்ஜியாவிலிருந்து ஜமாரி டில்லரி என்று ஒருத்தன் வந்தான். இருபத்திரண்டு வயது. நீண்ட கை, குச்சிக் கால். வாய் ஓயாது. கழற்றிய காலுறையை அடுத்தவன் பெஞ்சில் போடுவான், சாப்பிடும்போது பாடுவான். அவனைப் பார்த்தாலே எனக்கு ஒவ்வாமை.

ஆகஸ்டில் பயிற்சி முகாம் தொடங்கியது. அதில் ஒருவருக்கு ஒருவர் என்று ஒரு சடங்கு உண்டு. எறிகிறவன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குப்பைத் தொட்டியை வைப்பார்கள். ஒரு பாய்பவன், ஒரு மறிப்பவன். அணி முழுக்கச் சுற்றி நின்று கத்தும். மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிடும். யார் வீட்டுக்குப் போவார், யார் இருப்பார் என்பது அங்கேதான் தீர்மானமாகும். முதல் நாள் ஜமாரி என்னைத் தாண்டிப் போய்க் குப்பைத் தொட்டியை உதைத்துவிட்டு வந்தான். நான் அப்போதுதான் கையைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன பெருசு, முட்டி மடங்கலையா? எண்ணெய் விடட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஐசேயா ஓரத்தில் நின்று, "டேய் ஜமாரி, வாய அடக்குடா. இந்த ஊர்ல பந்து எறிஞ்சவங்கள்ல பாதிப் பேரக் காப்பாத்துனவன் அவன்" என்றான். பிறகு அந்தப் பையனின் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போய்க் காலை எப்படி ஊன்ற வேண்டும் என்று காட்டினான். தன் குழியைத் தானே வெட்டிக்கொள்கிற மனுஷனைப் பார்த்திருக்கிறீர்களா? எனக்குப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாளும். என்னைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தலைமைப் பயிற்சியாளர் ஹாலோரன் ஒருமுறை என்னை உட்காரச் சொல்லிவிட்டு என் இடத்தில் வேறு ஒருவனை நிறுத்திப் பார்த்தார். வெயில் அதிகம், அதனால் இருக்கும்.

நான் யோசித்தேன். விளிம்பில் இடம் ஒன்றுதான். பையன் சில வாரம் படுத்தால் கெஸ்லருக்கு ஐசேயாவை வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. கணக்கு அவ்வளவுதான். முட்டியில் ஒரு நார் கிழிந்தால் போதும் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் நார் கிழியாதவன் யார்?

பயிற்சியில் ஒரு விதி உண்டு, நம் ஆளை இடுப்புக்குக் கீழே தொடக் கூடாது. ஆனால் தடுமாறி விழுகிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒருவன் நெஞ்சைப் பிடித்து நிறுத்தியிருக்கும்போது இன்னொருவன் முட்டியின் வெளிப்பக்கமாக விழுந்தால் கால் போக இடம் இருக்காது. அதனால் முழு அணியாக ஆடிப் பழகும்போது என் பக்கத்தில் நிற்கிற மறிப்பவன் கோல்பியிடம் சொன்னேன். கோல்பி புதுப் பையன், நான் சொன்னால் கேட்பான். "இவன் என்ன சுத்திச் சுத்தி வர்றான்டா. அடுத்த தடவை நெஞ்சைப் பிடிச்சுக்கோ, மத்தத நான் பாத்துக்குறேன்" என்றேன். "சரிண்ணே" என்றான். அவனுக்கு வேறெதுவும் தெரியாது. தினமும் அழுகிறானாம். அவனை விட்டுவிடுங்கள், அந்த மூக்கு ஒழுகலை என்னால் பார்க்க முடியவில்லை.

முதல் தடவை நான் விழவில்லை. பையன் நின்ற இடத்தில் புல் ஈரமாக இருந்தது, கால் வழுக்கி நழுவிவிடும். இரண்டாம் தடவை அவன் கால் தரையில் இல்லை. மூன்றாம் தடவை மைதானத்தின் காய்ந்த பகுதிக்கு வந்தோம். கோல்பி அவன் நெஞ்சைப் பிடித்தான். பையன் வலது காலை, ஐசேயா காட்டிக் கொடுத்தபடியே, அழுத்தி ஊன்றினான். ஊன்றிய பிறகுதான் விழுந்தேன்.

பச்சை மரக்கிளையை ஒடிக்கிற சத்தம் வந்தது. பையன் கத்தவில்லை. தலையைத் தூக்கித் தன் காலைப் பார்த்து, "ஏன் பெருசு, என் பாதம் அந்தப் பக்கமா பாக்குது?" என்றான், நிஜமாகவே தெரியாமல். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவன் அங்கேயே வாந்தி எடுத்தான். நான் திருப்பிக்கொள்ளவில்லை. செய்தவன் பார்ப்பதுதான் முறை.

முட்டி மடங்குகிற இடத்துக்குப் பின்னால் ரத்தக் குழாய் ஒன்று போகிறதாம். அது அறுந்துவிட்டது. டாக்டர்கள் தையல் போட்டார்கள், மறுபடி திறந்தார்கள், அந்த வாரம் முடிவதற்குள் தொடையோடு காலை எடுத்துவிட்டார்கள். நான் இதை எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள், அது விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது.

மருத்துவமனைக்குப் போனேன். போகாமல் இருந்தால் தப்பாகப் பேசுவார்கள். பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன், ஜார்ஜியாக்காரர்களுக்குப் பிடிக்கும் என்று. அறை முழுக்க மருந்தும் சீழும் கலந்த நாற்றம். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. பையனின் அம்மா லொரெய்ன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ வருத்தப்படாதப்பா. ஆட்டத்துல தடுக்கி விழுறது யாரு கையில இருக்கு? உன்னப் பத்தி எம்புள்ள தினம் பேசுவான். பெருசு பெருசுன்னு உசுரா இருப்பான்." சொல்லிவிட்டு என் நெஞ்சில் முகத்தைப் புதைத்து அழுதார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. காருக்கு வந்ததும் அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வேறு சட்டை மாட்டிக்கொண்டேன்.

ஐசேயாதான் கண்டுபிடித்தான். பயிற்சி முழுவதையும் உயரமான கம்பத்திலிருந்து படம் எடுப்பார்கள். மற்றவர்கள் பையன் விழுந்ததைப் பார்த்தார்கள். ஐசேயா என் காலைப் பார்த்திருக்கிறான். நான் எதிலும் தடுக்கவில்லை, யாரும் என்னைத் தள்ளவில்லை. என் கால் எப்படித் தடுமாறும் என்று ஒன்பது வருடம் பார்த்தவன் அவன். கார் நிறுத்துமிடத்தில் என்னை வழிமறித்தான்.

"முதல் ரெண்டு தடவை காத்திருந்திருக்க. அவன் கால் ஊன்றட்டும்னு காத்திருந்திருக்கடா."

"உனக்காகத்தான் ஐசேயா."

"என் பேரைச் சொல்லாத. உன் வாயிலிருந்து வர்றப்ப நாறுது."

"உன் இடம் போயிடக் கூடாதுன்னு..."

அவன் என் காலடியில் காறித் துப்பினான். அவன் துப்பி நான் பார்த்ததே இல்லை. எங்கள் உடை மாற்றும் அறையில் புகையிலை போடாத ஒரே ஆள் அவன்தான். "என் பொண்ணுங்க இருக்கிற பக்கம் வந்துறாத" என்று சொல்லிவிட்டு நேராக ஹாலோரன் அறைக்குப் போனான். அன்றைக்கே ஆட்டத்தையும் தலைமுழுகிவிட்டான். நீங்கள் இங்கே வந்திருப்பது அவனால்தான். நன்றி கெட்டதனம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு மனுஷனுக்காக ஒருத்தன் இவ்வளவு தூரம் இறங்கிச் செய்தால், குறைந்தபட்சம் உட்கார்ந்து பேசுவார்கள்.

நீங்கள் இதுவரை மூன்று தடவை ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். ஐசேயா ஆட்டத்தை விடப்போவது எனக்கு எப்போது தெரியும் என்று. அவனிடம் ஏற்கெனவே பேசியிருப்பீர்கள், அதனால் பூசி மெழுகிப் பிரயோஜனமில்லை. அன்று காலையிலேயே தெரியும். பையன் விழுந்த அன்று காலை. பெட்ரோல் பங்க்கில் காபி வாங்கிக்கொண்டு காரில் ஏறியதும் சொன்னான். "நேத்து ராத்திரி ரெனேகிட்ட சொல்லிட்டேன்டா. போதும். சாயந்திரம் ஹாலோரன்கிட்டயும் சொல்லிடுறேன். அந்தப் பையன் நல்லா வருவான், அவனுக்கு இடத்த விட்டுட்டு மரியாதையா போயிடலாம்." எப்போதும் ஜன்னலைப் பார்க்கிறவன் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். நல்ல முடிவு என்று அவன் கையைக் குலுக்கினேன். பையன் விழுந்ததில் அவன் அன்று சாயந்திரம் ஹாலோரனிடம் போகவில்லை.

பிறகு மைதானத்தை நோக்கிக் காரை ஓட்டினேன். இனி தினமும் எனக்கு எதிரே அந்தப் பையன்தான் நிற்பான் என்று மட்டும் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனாலும் ஐசேயாவுக்காகத்தான் செய்தேன், மேடம். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.