பதினாலாம் கட்டிலில் பணியில் இருந்தவள்

மூன்று மாடி ஏறிவந்த மூச்சு இன்னும் அடங்காவிட்டாலும் இந்த அவையை அடக்கி ஆளும் பெருமதிப்பிற்குரிய தலைவர் வெங்கடேஸ்வரன் அவர்களே. மேடையை அலங்கரிக்கும் சான்றோர்களே. மேடையில் இடம் போதாமல் கீழே அமர்ந்திருக்கும் அவர்களினும் பெரிய சான்றோர்களே. கோட்டைக்குள்ளிருந்து மாலைக் காப்பியை முடித்துக்கொண்டும், சாலைக் கடைத்தெருவிலிருந்து கடையைப் பாதி சாத்திவிட்டும் வந்திருக்கும் பெரியோர்களே. தொலைக்காட்சித் தொடரைத் துறந்த தியாகச் சுடர்களாம் தாய்மார்களே. ட்யூட்டி முடிந்த கையோடு வந்து, கண்ணை மூடினால் தூங்கிவிடுவோம் என்று கண்ணை மூடாமல் கடைசி மூன்று வரிசையில் அமர்ந்திருக்கும் செவிலியச் செல்வங்களே. உங்கள் அனைவரின் பாதங்களுக்கும், குறிப்பாகக் காலையிலிருந்து நின்று நின்று வீங்கிய பாதங்களுக்கும், சூடாமணியின் வணக்கம்.

நம் மன்றத்தின் செவிலியர் நாள் விழா இது. பாராட்டப்பட வேண்டியவர் பெயர் அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆனால் மேடையில், தலைவருக்கு வலப்பக்கம், ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. பார்த்துவிட்டீர்களா? பார்த்திருப்பீர்கள். நான் ஏறியதிலிருந்து உங்கள் கண்கள் என்மேல் இல்லை, அதன்மேல்தான் இருக்கின்றன. "விருந்தாளி எங்கே?" என்று முன்வரிசையில் யாரோ கேட்பதும் காதில் விழுகிறது. சொல்கிறேன் ஐயா, சொல்லத்தான் வந்திருக்கிறேன். அவசரப்பட்டால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் உரை நீளும்.

முதலில் நான் யார் என்று தெரியாதவர்களுக்கு. இந்நகரின் ஒரு சர்க்கார் அலுவலகத்தில், விடுப்புப் பிரிவில், முப்பத்தோரு ஆண்டுகள் வீற்றிருந்தவள் நான். காய்ச்சல் என்று கடிதம் வந்தால், எத்தனை டிகிரி என்று கேட்டவள். கால் முறிந்தது என்று கடிதம் வந்தால், எந்தக் கால் என்று கேட்டவள். இடது கால் என்று பதில் வந்தால், வலது கால் ஏன் வரவில்லை என்று கேட்டவள். சிரிக்கிறீர்கள். அதோ, நடுவரிசையில் நீலச்சட்டை போட்ட கைலாஷ் சிரிக்கவில்லை, பாருங்கள். அவர் என் பிரிவுக்குப் பக்கத்துப் பிரிவில் கிளார்க். அவருக்கு ஒரு முறை மஞ்சள் காமாலை வந்தது. பதினெட்டு நாள் விடுப்பு கேட்டார். சான்றிதழ் இணைக்கவில்லை என்று திருப்பினேன். இணைத்தார், முத்திரை தெளிவில்லை என்று திருப்பினேன். மூன்றாம் முறை அவரே நேரில் வந்து என் மேசைமுன் நின்று, "மேடம், கண்ணைப் பாருங்கோ" என்றார். பார்த்தேன். அரைத்த மஞ்சள் மாதிரி இருந்தது. "கண்ணை ஃபைல்ல கோக்க முடியாது சார்" என்று சொல்லி அனுப்பினேன். இருபத்தேழு வருடமாக அவர் என்னோடு பேசுவதில்லை.

அப்படிப்பட்ட என்னைக் கடவுள் எங்கே கொண்டுபோய்ப் படுக்கவைத்தார் தெரியுமா? போன ஆவணியில் என் பித்தப்பையில் கல் என்று, இந்த ஊரின் ஒரு தனியார் மருத்துவமனையில், பெண்கள் வார்டில், பதிமூன்றாம் கட்டிலில். அந்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம். கேட்காதீர்கள் தாயே, சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் தையல் பிரித்த இடம் அரிக்கிறது, மறுபடி போகவேண்டி வரலாம்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. எனக்கு ரத்த அழுத்தம் பார்க்க ஒரு செவிலி வந்தாள். பெயர் சுஜா. அப்பா வன்னியராஜ் நாங்குநேரிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர். அவர் கட்டிய கட்டடங்களில் எத்தனையோ பேர் நிரந்தர வேலை பார்க்கிறார்கள். அவர் வீட்டில் நிரந்தர வேலையைத் தொடப்போகும் முதல் ஆள் சுஜா. ஒரு வருடத் தகுதிகாண் காலம் முடிய இன்னும் பதினேழு நாள். அவள் என் கையைப் பிடித்தாள். பிடித்த கை கொதித்தது. நோயாளி நானா அவளா என்று எனக்கே சந்தேகம்.

"என்னடி கொழந்தை, ஒடம்பு இப்படிக் கொதிக்கறதே. லீவு போட்டுண்டு படுத்துக்கப்படாதோ?" என்றேன். ஆம், நான்தான் கேட்டேன். கைலாஷ், குறித்துக்கொள்ளுங்கள்.

"லீவு கிட்டாது அம்மா," என்றாள். "சுகமில்லைன்னா ட்யூட்டிக்கு முன்ன நேர்ல வந்து, மெஷின்ல வெரல் வச்சிட்டு, லெட்டரைக் கையில குடுக்கணும். போன்ல சொன்னா செல்லாது."

"அப்படின்னா நேர்ல வந்து கொடுக்கறதுதானே?"

"கேட்ல காய்ச்சல் பாக்காங்கல்லா அம்மா. காய்ச்சல் உள்ள ஸ்டாஃபை உள்ள விடமாட்டாங்க."

அவையோரே, அன்புடையோரே, இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். காய்ச்சல் இருந்தால் வாசலில் விடமாட்டார்கள். வாசலில் விடாவிட்டால் விரல் வைக்க முடியாது. விரல் வைக்காவிட்டால், சொல்லாமல் வேலைக்கு நின்றவள் என்று கணக்கு. காய்ச்சல் இல்லாவிட்டால் உள்ளே விடுவார்கள். உள்ளே விட்டால் விரல் வைக்கலாம். விரல் வைத்துக் கடிதம் கொடுத்தால், உனக்குத்தான் காய்ச்சல் இல்லையே, போய் வேலையைப் பார் என்பார்கள். முப்பத்தோரு ஆண்டு விதி எழுதிய வயிறு இது. இத்தனை அழகான விதியை நான் எழுதவில்லையே என்று அந்த வயிறு எரிந்தது. தையல் எரிந்ததா வயிறு எரிந்ததா என்று டாக்டருக்கே குழப்பம்.

அந்த மழைக்காலத்திலேயே சுஜா இரண்டு முறை காய்ச்சலோடு வாசல்வரை வந்து, வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு, சொல்லாமல் நின்றதாக இரண்டு மெமோ வாங்கியிருந்தாள். மூன்றாவது மெமோ வந்தால் வேலை போய்விடும். அதனால் அன்று அவள் என்ன செய்தாள்? விடியற்காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, சூடு இறங்கும்வரை பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து, இறங்கிய அரைமணி நேரத்துக்குள் வாசலைக் கடந்து, ஏழு ஐம்பத்தைந்துக்கு விரலை வைத்துவிட்டாள். திருட்டுத்தனமாக வேலைக்கு வரும் ஒரு பெண்ணை நான் அன்றுதான் பார்த்தேன்.

பத்து மணிக்கு என் கட்டில்மேலேயே மயங்கி விழுந்தாள். வார்டுப் பொறுப்பாளர் பிரிஸில்லா சிஸ்டர் ஓடிவந்தார். பக்கத்தில் பதினாலாம் கட்டில் காலி. தூக்கிப் போட்டார்கள், டிரிப் ஏற்றினார்கள், டெங்கு என்றார்கள். முறைப்படி நோயாளியாகப் பதிவும் செய்தாயிற்று.

இனிமேல்தான் கூத்து. செவிலியச் செல்வங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் வரும்போது, போகிறவர் வருகிறவருக்குக் கட்டில் கட்டிலாக நோயாளியை ஒப்படைப்பார். இதற்கு ஓவர் கொடுப்பது என்று பெயர். கொடுத்தவர் ஓவர் புத்தகத்தில் நேரம் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று மதியம் இரண்டு மணிக்கு ஓவர் தொடங்கியது. ஒன்றாம் கட்டில், இரண்டாம் கட்டில் என்று பிரிஸில்லா சிஸ்டர் சொல்லிக்கொண்டே வந்தார். பத்தாம் கட்டிலில் ஒரு மருந்தின் அளவு நினைவுக்கு வராமல் திணறினார். அந்தக் கட்டில்கள் சுஜாவின் பொறுப்பு அல்லவா? பதினாலாம் கட்டிலில் நூற்று மூன்று டிகிரியில் கிடந்தவள் கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். டிரிப் ஏறிய கையை நீட்டிக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தாள்.

"பத்தாம் பெட்டுக்கு அரை மாத்திரை, ராத்திரி சாப்பாட்டுக்குப் பொறவு. பதினொண்ணுக்கு டிரெஸ்ஸிங் மாத்தியாச்சு. பதிமூணு, சூடாமணி அம்மா, ஆபரேஷன் கழிஞ்சு ரெண்டாம் நாள், தையல் நல்லா இருக்கு. தலையணைக்கு அடியில பழம்பொரி இருக்கு, எடுத்திருங்க. பதினாலு, சுஜா, இருபத்தாறு வயசு, டெங்கு, நூத்தி மூணு, ரொம்ப வாய் பேசுறா, தண்ணி நெறையக் குடுங்க."

சொல்லிவிட்டு, பழக்கதோஷம், புத்தகத்தை வாங்கிக் கொடுத்தவர் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுத்தாள். தன்னையே நோயாளியாக ஒப்படைத்துத் தானே கையெழுத்திட்ட ஒரு பெண்ணை உலகம் கண்டதுண்டா? நான் ஒளித்துவைத்த நேந்திரம்பழ பஜ்ஜி, அந்தப் பழம்பொரி, பறிபோனது தனிச் சோகம். அதற்குள் நான் போகவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஓவருக்கும் இதே கதை. புத்தகத்தின் சத்தம் கேட்டால் எழுவாள், ஒப்பிப்பாள், கையெழுத்திடுவாள், சாய்வாள். பிரிஸில்லா சிஸ்டர் தடுத்துப் பார்த்தார். தடுத்தால் காய்ச்சல் ஏறியது, விட்டால் இறங்கியது. மருத்துவ விஞ்ஞானம் என்ன செய்யும்? விட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பணியாளர் பிரிவிலிருந்து விஜய்குமார் என்ற மலையாளி இளைஞர் வார்டுக்குள் நுழைந்தார். கையில் ஒரு உறை. உறைக்குள் மெமோ. மூன்று நாளாக விரல் வைக்கவில்லை, ஆகவே இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டும், தவறினால் பணிநீக்கம். இதைப் பதினாலாம் கட்டிலருகே நின்று, மருத்துவமனைக்குள்ளேயே கிடக்கும் பெண்ணிடம் வாசித்தார்.

"சாரே, நான் இங்கதானே கிடக்கேன்," என்றாள் சுஜா.

"அது ஞான் கண்டு சிஸ்டரே. ஆனா கேட் வழி வரணும் அல்லே? பாலிசி அதாணு. ஞான் என்ன செய்யட்டும்?"

வாசல் வழியாக உள்ளே வர, முதலில் வெளியே போக வேண்டும். வெளியே போக, காய்ச்சல் விட வேண்டும். விட்டபின் வந்தால், கெடு முடிந்திருக்கும். சுஜா அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கி மடித்தாள். அழவில்லை. "அப்பாட்ட யாரும் சொல்லாதீங்க" என்று மட்டும் சொன்னாள். அவையோரே, என் பித்தப்பையை அறுத்தபோது எனக்கு மயக்கமருந்து கொடுத்தார்கள். இதற்கு ஒருவரும் கொடுக்கவில்லை. வலித்தது.

அப்போது விஜய்குமார் உறைக்குள் இன்னொரு காகிதம் இருப்பதைக் கவனித்தார். எடுத்தார். பூவேலைக் கரை போட்ட காகிதம். அது என்ன தெரியுமா? சிறந்த வருகைக்கான பாராட்டுச் சான்றிதழ். பெறுபவர், அதே சுஜா. திங்கட்கிழமை விரல் வைத்து உள்ளே வந்தவள், வெளியே போக விரல் வைக்கவில்லை அல்லவா? மயங்கிக் கிடந்தவள் எப்படி வைப்பாள்? ஆகவே இயந்திரத்தின் கணக்கில் அவள் இன்னும் வேலை பார்த்துக்கொண்டே இருக்கிறாள். தொண்ணூற்றாறு மணி நேரம், இடைவேளை இல்லாமல். அந்த மருத்துவமனை கண்ட உச்சம் அது.

ஒரே உறையில் பணிநீக்கமும் பாராட்டும். என் முப்பத்தோரு ஆண்டு ரத்தம் கொதித்தது. தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "தம்பி, ஒரு சந்தேகம். மெஷின் சொல்றது சரியா, தப்பா?"

"மெஷின் ஒருநாளும் தெற்றாது மேடம்."

"அப்படின்னா இவள் நாலு நாளா ட்யூட்டியில இருக்கா. மூணாவது மெமோவைக் கிழிச்சுடுங்கோ."

"அது சாஃப்ட்வேர்ல ஒரு சின்னத் தெற்று, மேடம்."

"அப்போ மெஷின் தெற்றும். அதையே நம்பிக் கொடுத்த முதல் ரெண்டு மெமோவையும் சேர்த்துக் கிழிக்கணும். எதைக் கிழிக்கப் போறேள்?"

பிரிஸில்லா சிஸ்டர் ஓவர் புத்தகத்தை அவர் கையில் வைத்தார். "சாரே, இதையும் நல்லாப் பாத்துக்கிடுங்க. பன்னிரண்டு ஓவர், பன்னிரண்டு கையெழுத்து. வராத புள்ள எப்பிடிப் போடும்?"

புரட்டினார். முதல் பக்கத்தில் கையெழுத்து நேராக இருந்தது. போகப்போக அது சாய்ந்தது, நடுங்கியது, கோட்டுக்கு வெளியே போனது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. விஜய்குமார் பன்னிரண்டையும் விரல்வைத்து எண்ணினார். கொஞ்சம் தண்ணீர் கேட்டார். சுஜா படுத்தபடியே தன் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

அந்தப் புத்தகத்தை அவர் நிர்வாகத்தின் மேசைக்குக் கொண்டுபோனார். மூன்று மெமோவும் போயின. விதியும் மாறியது. இப்போது உடம்பு சரியில்லாதவர் வார்டுப் பொறுப்பாளருக்குப் போன் செய்தால் போதும். தகுதிகாண் காலம் முடிந்ததும் சுஜா நிரந்தரமானாள். அந்தப் பாராட்டுச் சான்றிதழை மட்டும் அவர்கள் திரும்பக் கேட்கவில்லை. கேட்டால் ஏன் கொடுத்தோம் என்று எழுத வேண்டுமே. அது இன்றும் பதினாலாம் கட்டிலுக்கு மேல் தொங்குகிறது.

கடைசி வரிசையில் கைதட்டுகிறீர்கள் செல்வங்களே. தட்டுங்கள். ஆனால் என்னைப் பார்த்துத் தட்டாதீர்கள். அந்த விஜய்குமாரின் நாற்காலியில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். அவர் ஒரு காலையில் கற்றுக்கொண்டதை எனக்குக் கற்றுத்தர ஒரு பித்தப்பை செலவாயிற்று. காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கக் கை இருந்தது. காகிதத்தை மட்டும் தொட்டோம். கண்ணைப் பார்க்கக் கண் இருந்தது. கையெழுத்தை மட்டும் பார்த்தோம். நம்மைத் தூக்கி நிறுத்தும் கைகளை, தூக்க ஆளில்லாமல் விழவிட்டோம். விட்டோமா இல்லையா? சொல்லுங்கள், விட்டோமா இல்லையா?

கைலாஷ் அவர்களே, உங்கள் பதினெட்டு நாளும் இந்த அவையறிய இன்று அனுமதிக்கப்படுகிறது. நான் தவறு செய்தேன். எழுந்து போகிறாரே... இல்லை, தண்ணீர் கொண்டுவருகிறார். எனக்குத்தான். கொடுங்கள் சார். ரொம்ப சந்தோஷம்.

இப்போது அந்தக் காலி நாற்காலி. நாலு மணிக்கு எனக்கு ஒரு செய்தி வந்தது. இரண்டே வரி. "அம்மா, எனக்கு ஜலதோஷமும் தலைவலியுமா இருக்கு. விழாவுக்கு வரக் கழியல, லீவு வேணும். சுஜா." சான்றிதழ் இல்லை. முத்திரை இல்லை. எத்தனை டிகிரி என்றும் இல்லை. விழாக்குழுவினர் பதறிப்போனார்கள். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, பொன்னாடை வாங்கியாகிவிட்டது, ஆட்டோ அனுப்பித் தூக்கிவரலாமா என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். நூற்று மூன்று டிகிரியில் எழுந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட பெண், ஒரு ஜலதோஷத்துக்கே, யாருக்கும் பயப்படாமல், வீட்டில் படுத்திருக்கிறாள். நாம் கொண்டாட வேண்டியது வேறென்ன?

தலைவர் அனுமதியோடு இந்தப் பொன்னாடையை அந்த நாற்காலிக்கே போர்த்துகிறேன். அச்சடித்த அழைப்பிதழின் பின்பக்கத்தில், முப்பத்தோரு ஆண்டுகள் திருப்பி அனுப்பிய இந்தக் கையால், "அனுமதிக்கப்பட்டது, எதுவும் இணைக்கத் தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், தூங்கிக்கொண்டே கேட்ட செவிலியச் செல்வங்களுக்கும் என் நன்றி. வணக்கம். உடம்பு முடியாதவர்கள் நாளைக்கு வீட்டிலேயே இருங்கள்.