நூற்றெண்பது இறாத்தல்

பச்சை முட்டையை ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும். இடையில் நிறுத்தி யோசித்தால் அது உள்ளே போகாது. ஏழு வருடம் தினமும் காலையில் இரண்டு முட்டை குடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தபசு காலத்தில் மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொள்வேன். ஆண்டவருக்கும் ஏதாவது விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்.

என் பெயர் மரியரட்ணம். ஊர் குருநகர், உத்தியோகம் அரசாங்கக் கச்சேரியில் எழுத்து வேலை, லிகிதர். 1965ஆம் ஆண்டு எங்கள் கடற்கரையில், வலை போட்டு வைக்கிற ஒரு பழைய வாடியில் தேகாப்பியாசக் கழகத்தைத் தொடங்கியவன் நான்தான். கழித்துவிட்ட லொறி அச்சைத் தண்டாக்கினேன். எண்ணெய் ரின்களில் சீமெந்து வார்த்து நிறைகள் செய்தேன். உடைந்த வள்ளத்தின் பலகையில், படுத்துக்கொண்டு தூக்குவதற்கு ஒரு வாங்கும் அடித்தேன்.

அந்த ஏழு வருடத்தில் என் நெஞ்சு இரண்டு அங்குலம் கூடியது. இடுப்பு ஐந்து அங்குலம் கூடியது. ஊர்ப் பெடியள் என் தொப்பையைச் சம்மாட்டி வண்டி என்றார்கள். சம்மாட்டிக்காவது வண்டியோடு நாலு வள்ளமும் இருக்கும். எனக்கு வண்டி மட்டும்தான்.

1972 தை மாதம் கனிசியஸ் வந்து சேர்ந்தான். கடலுக்குப் போகிறவன், என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். புட்டும் மீன் குழம்பும் மூக்குமுட்டத் தின்பான். பின்னேரம் கள்ளுக் குடிப்பான். நித்திரை வந்தால் அன்றைக்குப் பயிற்சிக்கு வரமாட்டான். மூன்று மாதத்தில் அவன் நெஞ்சு நாற்பத்துமூன்று, இடுப்பு இருபத்தொன்பது. அளந்தவன் நான். நாடா பிழையோ என்று தையற்காரரிடம் வேறு நாடா இரவல் வாங்கி அளந்தேன். அதுவும் அவன் பக்கமே நின்றது.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் நான் பொறுத்திருப்பேன். ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் சொன்னான்:

"அண்ணை, நீங்களும் கொஞ்சம் கள்ளுக் குடிச்சுப் பாருங்கோவன். சிலவேளை வண்டி வத்தும்."

உண்மையான அக்கறையோடுதான் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

அந்த வருடக் கோயில் திருநாளுக்கு ஆணழகன் போட்டி வைப்பது என் யோசனை. விதிகளையும் நானே எழுதினேன். நாற்பது வயது ஆனவர்கள் போட்டியிட முடியாது என்று எழுதியபோது எனக்கு முப்பத்தொன்பது. அதாவது அந்தக் கிண்ணத்தை வெல்ல எனக்கு ஒரே ஒரு வருடம்தான் இருந்தது. கனிசியஸ் தன் பெயரைக் கொடுத்தான். அவனுக்குப் பக்கத்தில், ஊர் பார்க்க, கழிசானோடு மட்டும் நிற்பதை நினைத்துப் பாருங்கள். நான் நினைத்துப் பார்த்தேன்.

கரைவலை இழுக்கிற எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் பிடித்திருக்கும் கயிற்றில், அவன் கேட்காமல் இன்னொருவன் கை வைக்கக்கூடாது. வைத்தால், நீ ஆம்பிளை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. கழகத்திலும் அதையே வைத்துக்கொண்டோம். வாங்கில் படுத்துத் தூக்குபவனின் தலைமாட்டில் ஒருவன் நிற்பான். படுத்திருப்பவன் போதும் என்ற அர்த்தத்தில் "காணும்" என்று சொல்லும்வரை தண்டைத் தொடமாட்டான்.

திருநாளுக்கு எட்டு நாள் இருக்க, ஒரு சனிக்கிழமை பின்னேரம். மற்றவர்கள் உதைபந்தாட்டம் பார்க்கப் போய்விட்டார்கள். கனிசியஸ் கடலால் வந்து, நித்திரை கொள்ளாமல் நேரே வாடிக்கு வந்தான். "இன்னும் ஒரு சோடி போடுங்கோ அண்ணை" என்றான். போட்டேன். நூற்றெண்பது இறாத்தல். இரண்டு தரம் தூக்கினான். மூன்றாம் தரம் பாதியில் கை நடுங்கித் தண்டு கழுத்தில் இறங்கியது. நான் தலைமாட்டில் நின்றேன். அவன் காணும் என்று சொல்லவில்லை. கழுத்தில் இரும்பு கிடக்கும்போது சொல்வது கஷ்டம் என்பது வேறு விஷயம்.

மரண விசாரணையிலும் இவ்வளவும் சொன்னேன். கடற்கரை ஆட்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். வழக்கம் வழக்கம்தானே. ஆனால் விசாரணை அதிகாரி வெளியூர்க்காரர். "கழுத்தில் விழுந்த பிறகாவது தூக்கியிருக்கலாமே?" என்று கேட்டார். நான் பதில் சொல்லமுன்னே கனிசியசின் மனைவி எழும்பினாள். யோசப்பின் என்று பெயர். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"ஐயா, அந்த மனுசனாலை எப்பிடி ஏலும்? அரிசி மூட்டையையே ரெண்டு பேர் பிடிச்சுத்தான் அவரின்ரை வீட்டுக்குள்ளை வைச்சவை."

செத்த வீட்டுக்காரர்களே சிரித்துவிட்டார்கள். என் பயிற்சிக் கொப்பியையும் எடுத்துக் காட்டினார்கள். நான் தூக்கிய ஆகக் கூடிய பாரம் நூற்றிருபது. அதிகாரி என் வண்டியை ஒருதரம் பார்த்துவிட்டு, விபத்து என்று எழுதினார்.

போட்டியும் நடந்தது. கனிசியஸ் ஞாபகார்த்தக் கிண்ணம் என்று பெயர் வைத்தார்கள். எனக்கு இரண்டாம் இடம். போட்டியிட்டவர்கள் இரண்டு பேர்.

இது நடந்து பத்து வருடம். இன்றைக்கும் சந்தையில் என்னைக் கண்டால், "பாவம், தூக்கேலாமல் போச்சு" என்று பெண்கள் தங்களுக்குள் கதைக்கிறார்கள். யோசப்பின் பூசைக்கு வரும்போது என்னைப் பார்த்து இரக்கமாகத் தலையசைக்கிறாள். மற்றதெல்லாம் எனக்குச் செமித்துவிட்டது. அந்த இரக்கம் செமிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தூக்கினேன். அவன் கால் வாங்கில் அடிக்கத் தொடங்கியதும், யோசிக்காமல் குனிந்து தண்டைப் பிடித்தேன். அது மேலே வந்தது. ஒரு சாண் உயரம், தனியாக, முதுகும் நாரியும் நேராக. அப்படியொரு சந்தோசம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கனிசியஸ் மூச்சை இழுத்தான், இருமினான். கைகள் இரண்டும் பக்கத்தில் துவண்டு கிடந்தன. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"காணும் அண்ணை," என்றான். "கவனம், உங்கடை நாரி பிடிக்கப்போகுது."

சொல்ல வேண்டிய சொல்லை அவன் சொல்லிவிட்டான், நான் மறுக்கவில்லை. ஆனால் தூக்கிய பாரத்தைப் படாரென்று போட்டால் அது தூக்கியதாகாது என்று பெடியளுக்குப் பழக்கியவனும் நான்தான். மெதுவாக, முறைப்படி, எடுத்த இடத்திலேயே இறக்கி வைத்தேன். நாரிக்கு ஒன்றும் ஆகவில்லை.