பெப்ரவரி முப்பதில் பிறந்தவர்கள்

உங்கள் கந்தோர்க் கதிரை நன்றாக இருக்கிறது. எங்கள் கந்தோரில் எல்லாக் கதிரைக்கும் ஒரு கால் குட்டை. பதினெட்டு வருடம் ஒருபக்கமாகச் சாய்ந்தே வேலை பார்த்தவனுக்கு இப்படி நேராக உட்கார்ந்து எழுதுவது சுகமாகத்தான் இருக்கிறது. விசாரணைக்காக, நடந்ததை ஒளிக்காமல் எழுதித் தரச் சொன்னீர்கள். ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை. என் பெயர் ஜெராட். மன்னார்ப் பெருநிலத்தில், இந்திய அகதி முகாம்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பதிவை வைத்திருக்கும் சின்னக் கந்தோரில் பதிவு எழுதுநராக இருந்தேன்.

இந்த வருடம் கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்களிடமிருந்த ஒன்பது கணினிகளும் பழைய முப்பத்திரண்டு பிற் புரொசசர் சாதி. அவற்றை அகற்றிவிட்டு அறுபத்துநாலு பிற் புரொசசரும் புதிய இயங்குதளமும் உள்ளவற்றை வைக்க வேண்டும். மார்ச் முப்பத்தோராம் தேதிக்குள் அத்தனை பதிவும் புதியதற்குப் போய்ச் சேர வேண்டும். மறுநாள் லொறி வந்து பழையவற்றை ஏற்றிக்கொண்டு போய்விடும். எந்தக் கந்தோர் எவ்வளவு முடித்தது என்பது கொழும்பில் ஒரு திரையில் தெரியுமாம். முடித்தால் பச்சை, முடிக்காவிட்டால் சிவப்பு. எங்கள் பொறுப்பதிகாரி அன்ரோனெற் மிஸ்ஸுக்குச் சிவப்பு என்று சொன்னாலே நெஞ்சு இடிக்கத் தொடங்கிவிடும். நல்ல மனுசி. அவரை அந்த நிலையில் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

கணினி பொருத்த வந்தவர் எருக்கலம்பிட்டி றினாஸ். "சேர், பழைய புரோகிராம் புது மெஷினில ஓடாது. உள்ள இருக்கிற ஆக்களை மட்டும் அதில இருந்து இறக்கி இதில ஏத்தோணும்" என்றார். இறங்கி ஏறுவது எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. நாலாயிரத்துச் சொச்சம் பேர் ஒரு பின்னேரத்துக்குள் ஏறிவிட்டார்கள். முப்பத்தேழு பேர் மட்டும் ஏறமாட்டோம் என்று நின்றார்கள். அவர்கள் எல்லோரும் பெப்ரவரி முப்பதாம் தேதி பிறந்தவர்கள்.

அந்தத் தேதியைக் கொடுத்தவன் நான்தான். இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியவர்களில் பாதிப் பேரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. கடலில் போனது, முகாமில் கறையான் தின்றது என்றார்கள். மாரி மழைக்குப் பிறந்தேன் என்று சொல்பவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மற்றக் கந்தோர்களில் இப்படிப்பட்டவர்களுக்கு ஜனவரி முதலாம் தேதி போட்டார்கள். அப்போது உண்மையிலேயே அன்று பிறந்தவரும் அவர்களோடு கலந்து போவார். ஆகவே ஒருவரும் பிறக்க முடியாத ஒரு நாளை நான் தெரிந்தெடுத்தேன். சான்றிதழ் கிடைத்ததும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துத் திருத்திவிடலாம் அல்லவா? பழைய கணினி முப்பத்தொன்றுக்கு மேற்படாத எந்த எண்ணையும் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டது. பலர் சான்றிதழ் எடுத்து வந்து திருத்திக்கொண்டு போனார்கள். இந்த முப்பத்தேழு பேர் வரவில்லை. புதிய கணினி அவர்களைப் பார்த்து, இப்படி ஒரு நாள் இல்லை என்றது. அது சொன்னதும் சரிதான்.

றினாஸ் தலையைச் சொறிந்துவிட்டு, "மார்ச் ஒண்டு எண்டு மாத்திவிடுங்கோ சேர். அஞ்சு நிமிச வேலை" என்றார். நான் மறுத்துவிட்டேன். உயிரோடிருக்கும் ஒருவரின் பிறந்த தேதியை மாற்றச் சத்தியக் கடதாசி வேண்டும், சமாதான நீதவானின் ஒப்பம் வேண்டும், அதற்கென்று ஒரு குழு கூட வேண்டும். அந்தக் குழு கடைசியாகக் கூடியது அதன் தலைவர் ஓய்வு பெறுவதற்கு முன்பு. தவிர, ஒரு பொய்த் தேதியை அரசாங்கப் பதிவில் போட என் மனம் இடம் கொடுக்கவில்லை.

ஆனால் இறந்தவர்களுக்குப் பிறந்த தேதி தேவையில்லை. புதிய கணினியில் அது தெளிவாக இருந்தது. இறந்தார் என்ற கட்டத்தில் ஒரு சரி போட்டால், பிறந்த தேதியைக் கேட்காமலே பதிவு புதியதில் ஏறிவிடும். அந்தச் சரியைப் போட என்னுடைய தரத்தில் உள்ளவருக்கு அதிகாரம் உண்டு. ஒருவரின் பிறப்பில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை, இறப்பில் இருந்தது. சட்டத்தை எழுதியவன் நானல்ல.

மார்ச் முப்பதாம் தேதி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முப்பத்தேழு பேரையும் முடித்தேன். அவசரப்படவில்லை. எல்லோருக்கும் ஒரே நாளைப் போட்டால் மரியாதையாக இருக்காது என்று வேறு வேறு நாட்கள் கொடுத்தேன். காரணம் எழுத ஒரு இடம் இருந்தது. இந்தக் கரையில் கடலுக்கு ஒருவரையாவது கொடுக்காத வீடு குறைவு, ஆகவே கடல் சாவு ஒருவருக்கும் போடவில்லை. பாம்புக்கடியும் போடவில்லை. உயிலங்குளத்து இராசேந்திரம் அண்ணைக்கு, வயல் வேலை செய்து களைத்த மனிதர் என்பதால், பெப்ரவரி பத்தொன்பது, வீட்டில், நித்திரையில், அமைதியாக என்று எழுதினேன். நாங்கள் பச்சை ஆனோம். மாவட்டத்தில் முதலாவது. அன்ரோனெற் மிஸ் கேக் வெட்டினார். முதல் துண்டு எனக்கு.

புதிய கணினி இறந்தவர்களின் வீட்டுக்குத் தானாகவே அனுதாபக் கடிதம் அனுப்பும் என்பது எனக்குத் தெரியாது. அதை என் கவலையீனம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். இலுப்பைக்கடவை அகஸ்ரினா அக்காவின் வீட்டில், அரசாங்கமே சொல்லிவிட்டது என்று பயந்து, அவருடைய ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தார்களாம். அக்கா மாதா கோயிலில் முன் வாங்கில் இருந்து தனக்காகத் தானே செபமாலை சொன்னாராம். பூசைக்குப் போனவர்கள் நல்லாக இருந்தது என்றுதான் சொன்னார்கள்.

இராசேந்திரம் அண்ணை கடிதத்தோடு கந்தோருக்கு வந்தார். அவருடைய மனைவி முகாமிலேயே காலமாகிவிட்டார். ஒரே மகள் கிருஷாந்தினி படிப்புக்காகச் சித்தியோடு தமிழ்நாட்டிலேயே தங்கிவிட்டாள். அவளுக்கு ஜூன் மாதம் அங்கே கலியாணம். இவர் போவதற்குப் பாஸ்போட் எடுக்க வேண்டும். பாஸ்போட்டுக்கு எங்கள் கந்தோரின் உறுதிக் கடிதம் வேண்டும்.

"தம்பி, பேரும் சரி, விலாசமும் சரி. செத்தது மட்டுந்தான் பிழை" என்றார்.

"பிழை எண்டு சொல்ல ஏலாதண்ணை. பதிவு அப்பிடித்தான் இருக்கு."

"நான் உங்களுக்கு முன்னால நிக்கிறனெல்லோ?"

"நிக்கிறியள். அதை நான் மறுக்கேல்ல."

இறப்பை ரத்துச் செய்ய ஒரு படிவம் உண்டு என்பதையும் சொன்னேன். ஆனால் அதில் நெருங்கிய சொந்தம் நேரில் வந்து ஒப்பமிட வேண்டும். இறந்தவர் தானே வந்து கேட்க முடியாது.

"எனக்குச் சொந்தமெண்டு மகள் ஒருத்திதான். அவளிட்டப் போகத்தானே தம்பி கடிதம் கேக்கிறன்."

"அப்ப மகளை ஒருக்கா வரச் சொல்லுங்கோ."

"கலியாணப் பொம்பிளையை எப்பிடியப்பா வரச் சொல்லுறது?"

அதற்குப் படிவத்தில் இடம் இல்லை. பதினொரு தடவை வந்தார். ஒருநாளும் சத்தம் போடவில்லை. ஒவ்வொரு முறையும் முகச்சவரம் செய்து, வெள்ளைச் சேட் போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வருவார். உயிரோடிருப்பது பார்த்தவுடனே தெரிய வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த அனுதாபக் கடிதத்தை லாமினேற் செய்து பையில் வைத்திருந்தார். அண்மையில் அரசாங்கம் அவருடைய பெயரைப் பிழையில்லாமல் எழுதியது அதில்தான். எனக்கு அவர் மேல் இரக்கம் இருந்தது. ஒரு சரியை எடுத்துவிட்டால் போதும் என்று றினாஸ் தொலைபேசியில் ஒற்றைக்காலில் நின்றார். எடுத்தால் பதிவு திரும்பவும் பிறந்த தேதி கேட்கும், நாங்கள் சிவப்பாகிவிடுவோம், பெப்ரவரி முப்பதை யார் போட்டது என்று கொழும்பு கேட்கும். கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். என்னைப் போன்ற நேர்மையான ஒருவனை அந்த இடத்தில் நிறுத்துவது சரியல்ல என்று றினாஸுக்கு விளக்கினேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மே மாதக் கடைசியில் இராசேந்திரம் அண்ணை வருவதை நிறுத்தினார். விளங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். அவர் தலைமன்னாரில் ஒரு படகுக்காரரைப் பிடித்திருக்கிறார். தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று தொடங்கிய பிறகு அந்தக் கடலில் ஆட்களை ஏற்றுவது மடத்தனம், அதைச் செய்தவரைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும். படகுக்காரர் அவரை நடுக்கடல் மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பியிருக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு படகு வந்து ஏற்ற வேண்டும். காற்றில் அது வரவில்லை. தண்ணீர் இல்லாமல் மூன்று நாள். மீன்பிடிக்கப் போனவர்கள் உடலைக் கண்டு கொண்டுவந்தபோது பையில் ஒரு பட்டு வேட்டியும், மகளுக்கு எடுத்த கூறைச் சீலையும், லாமினேற் செய்த கடிதமும் இருந்தனவாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து விபரம் வந்ததும் நானே பதியப் போனேன். இவர் ஏற்கெனவே இறந்தவர் என்று கணினி மறுத்தது. ஒருவருக்கு ஒரு இறப்புத்தான். அதனால் உடல் எட்டு நாள் அங்கேயே கிடந்தது. ஆஸ்பத்திரிக்காரர் முறைப்பாடு எழுதினார்கள், நீங்கள் வந்தீர்கள்.

அதற்கிடையில் கிருஷாந்தினி வந்தாள். கலியாணத்தைத் தள்ளி வைத்துவிட்டு விமானத்தில் வந்திருந்தாள். கையில் மருதாணி மங்காமல் இருந்தது. அப்பா எப்போது இறந்ததாக எழுதியிருக்கிறது என்று கேட்டாள். நான் திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"பிப்ரவரியா? போன வாரம்கூட போன்ல பேசினாரே சார். முகூர்த்தத்துக்கு முந்தின நாளே வந்திருவேன்னாரே."

தொலைபேசியில் பேசியது பதிவில் சேராது என்றேன். நெருங்கிய சொந்தம் நேரில் வந்துவிட்டதால், இறப்பை ரத்துச் செய்யும் படிவத்தை எடுத்து நீட்டினேன். முதலில் பழைய இறப்பை ரத்துச் செய்ய வேண்டும், அதன் பிறகுதான் புதியதைப் பதியலாம் என்று விளக்கினேன். இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடமாவது அவர் உயிரோடிருப்பார் என்றும் சொன்னேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் படிவத்தைத் தொடவில்லை. பிறகு அந்தக் குட்டைக்கால் கதிரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஆம், முப்பத்தேழு சரியையும் போட்டவன் நான்தான். வேறு ஒருவருக்கும் இதில் பங்கில்லை. மற்ற முப்பத்தாறு பேரையும் நீங்கள் எழுப்பப் போவதாக அறிந்தேன், எனக்கு ஆட்சேபணை இல்லை. இராசேந்திரம் அண்ணையின் பதிவை மட்டும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் இப்போதும் அதில் வீட்டில், நித்திரையில், அமைதியாகத்தான் இறந்திருக்கிறார். அவருக்கு அதைவிட நல்ல சாவை வேறு யார் கொடுத்தார்கள்?